நிலக்கரியும் சக்கேயுவின் வாக்குறுதியும்



எரிகோ நகரில் சக்கேயு இயேசுவிடம் கண்ணீர் விட்டதாக நற்செய்தி கூறவில்லை. யாரையாவது ஏமாற்றிப் பறித்திருந்தால் நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாக அவர் வாக்களித்தார் (லூக் 19:8). அதன் பின்னரே அவர் வீட்டுக்கு மீட்பு வந்ததாக ஆண்டவர் அறிவித்தார். ஒப்புரவு அருளடையாளத்தில் மனத்துயரோடும் அறிக்கையோடும் பரிகாரமும் சேர்ந்திருப்பது இதனால்தான்.

இந்தப் பரிகாரம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் உண்டா?

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் ஏராளமான நிலக்கரி வெட்டப்பட்டது. செல்வம் வெளியே போயிற்று. பாழான மலையும் கறுத்த ஓடைகளும் ஏழைகளுக்கு மிஞ்சின. அம்மக்களுக்காக அப்பகுதி ஆயர்கள் 1975ஆம் ஆண்டு ஒரு மேய்ப்புப்பணி மடல் எழுதினார்கள். 1977இல் அந்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி, வெட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் நிறுவனங்கள் கட்டணம் செலுத்த வேண்டும். கைவிடப்பட்ட பழைய சுரங்க நிலங்கள் அப்பணத்தில் சீரமைக்கப்படும். இன்று மாணவர்கள் அங்கே சுரங்க வரலாற்றைக் கற்று, அதே மலைகளில் மரமும் நடுகிறார்கள்.

நம் தமிழகத்தில் 1956இல் நெய்வேலி நிறுவனம் உருவானது. பழுப்பு நிலக்கரிக்காகப் பல கிராமங்கள் விளைநிலத்தை விட்டுக்கொடுத்தன. தோண்டிக் குவித்த மண்மேடுகளில் இன்று மரங்கள் வளர்க்கப்படுகின்றன.

திருவாலங்காட்டிலோ கும்மிடிப்பூண்டியிலோ சுரங்கம் இல்லையே என்று நாம் நினைக்கலாம். ஆனால் திருவாலங்காடு வட்டாரத்தைக் கடந்து செல்லும் கொசஸ்தலை ஆறு, பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி எண்ணூரில் கடலில் கலக்கிறது. ஒடிசாவின் தால்சரில் வெட்டப்படும் நிலக்கரி பாரதீப்பிலிருந்து கப்பலில் எண்ணூர் வந்து, அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தில் எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பலாகவே மிஞ்சும். அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியே செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் கசிந்ததால் ஆற்றிலும் கழிமுகத்திலும் சாம்பல் படிந்தது. மீனும் இறாலும் குறைந்தன. மீனவர்கள் தொடுத்த வழக்கில், 2022இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அப்பகுதியைச் சீரமைக்குமாறு உத்தரவிட்டது.

நம் ஆலய விளக்குகளும், வீட்டு மின்விசிறியும், தொழிற்பேட்டை இயந்திரங்களும் மின்சாரத்தில்தான் இயங்குகின்றன. வெளிச்சம் நமக்கு வருகிறது. சாம்பல் கடைமடையில் வாழும் மீனவருக்குப் போகிறது. ஆகவே ஆற்றைச் சீர்செய்வதை யாரும் தர்மம் என்று எண்ணக்கூடாது. அது நாம் பட்ட கடன். பூமியின் கூக்குரலையும் ஏழையின் கூக்குரலையும் பிரித்துக் கேட்க முடியாது என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் நமக்கு உணர்த்தினார்.

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் மாணவர்களைப் பூண்டிக்கும் எண்ணூருக்கும் அழைத்துச் செல்லுங்கள். ஒரே ஆற்றை இரண்டு இடங்களில் பார்க்கட்டும். முன்பு என்னென்ன மீன் கிடைத்தது என்று அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும். வீட்டு மின் அட்டையில் எத்தனை யூனிட் என்று பார்த்து, எதைக் குறைக்கலாம் எனப் பெற்றோரோடு பேசட்டும். தீர்ப்பாயத்தின் உத்தரவு எந்த அளவுக்கு நிறைவேறியுள்ளது என்று நம் பங்குப் பேரவைகளும் கேட்கட்டும்.

நிலத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் மனிதரை ஏதேன் தோட்டத்தில் வைத்த இறைவன் (தொநூ 2:15), எடுத்ததைத் திருப்பித் தரும் சக்கேயுவின் மனதை நமக்கும் தருவாராக. ஆமென்.