ஸ்டெப்னி இல்லாத கார் வாங்கலாமா? டிக்கி இடமா, மாற்று டயரா... குடும்ப கார் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை!

புதிதாக கார் வாங்கப் போகும் பலரும் ஷோரூமில் முதலில் கேட்பது மைலேஜ், அடுத்தது ஆன் ரோடு விலை. டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கி, அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. சில கார்களில் அங்கே முழு அளவு ஸ்டெப்னி இருக்கும். சிலவற்றில் ஒல்லியான தற்காலிக டயர் இருக்கும். இன்னும் சிலவற்றில் டயரே இருக்காது, ஒரு சிறிய காற்று பம்பும் பசை டப்பாவும்தான் இருக்கும். இதில் எது யாருக்குச் சரிப்பட்டு வரும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஆலத்தியூரில் இருந்து பார்த்தால்...

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்தில் இருக்கிறது ஆலத்தியூர். சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் உள்ள பகுதி. சாலையில் கார்களுக்கு இணையாக கனரக லாரிகளும் ஓடும். லாரியில் இருந்து சிதறும் ஜல்லி, உடைந்த சாலை ஓரம், ஆணி, போல்ட் என டயரைப் பதம் பார்க்கும் பொருட்களுக்கு இங்கே குறைவில்லை.

இந்தப் பகுதியில் இருக்கும் ஒரு குடும்பம் 5 சீட் கார் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். தினமும் அரியலூர் அல்லது பெரம்பலூர் போய்வர வேண்டும். மாதம் ஒருமுறை வயதான அம்மாவை மருத்துவப் பரிசோதனைக்காக திருச்சிக்கு அழைத்துப் போக வேண்டும். திரும்பி வர இரவு 9 மணி, 10 மணி ஆகிவிடும். வழியில் டயர் பஞ்சரானால், அந்த நேரத்தில் பஞ்சர் கடை திறந்திருக்குமா என்பதுதான் கேள்வி. நகரத்தில் 5 நிமிடத்தில் தீரும் பிரச்னை, கிராமப்புறச் சாலையில் சில மணி நேரக் காத்திருப்பாக மாறலாம். டிக்கிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது முக்கியமாவது இதனால்தான்.

'ஸ்டெப்னி' என்ற பெயர் எப்படி வந்தது?

நாம் சாதாரணமாகச் சொல்லும் ஸ்டெப்னி, உண்மையில் ஒரு கம்பெனியின் பெயர். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், 1904-ல் காருக்கான மாற்றுச் சக்கரத்தை அறிமுகப்படுத்தினார்கள். அந்தக் காலத்து கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. பஞ்சரானால் நடுவழியிலேயே டயரைக் கழற்றி ஒட்ட வேண்டும். அவர்கள் செய்தது ஆரக்கால் இல்லாத ஒரு வளையமும் டயரும். பஞ்சரான சக்கரத்தின் மேலேயே அதை இறுக்கிப் பொருத்தி ஓட்டலாம். அந்தக் கம்பெனியின் பெயரே இந்தியாவில் மாற்று டயருக்கான சொல்லாக நிலைத்துவிட்டது.

ஸ்டெப்னி இல்லாமல் கார் விற்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

விற்கலாம். மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைத் துறை அமைச்சகம் 2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் கொண்டு வந்தது. ஓட்டுநரையும் சேர்த்து 9 பேர் வரை பயணிக்கும் கார்களில் ட்யூப்லெஸ் டயர், டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் டிபிஎம்எஸ் வசதி, டயர் பழுதுபார்க்கும் கிட் ஆகிய மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயம் இல்லை. 2020 அக்டோபர் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. காரில் கூடுதல் இடம் கிடைக்கும், மின்சார கார்களில் பெரிய பேட்டரி வைக்க முடியும் என்பது இதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம்.

எனவே ஷோரூமில் "இந்த மாடலுக்கு ஸ்டெப்னி வராது சார்" என்று சொன்னால் அது ஏமாற்று வேலை அல்ல. ஆனால் பணம் கட்டும் முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது வாங்குபவரின் பொறுப்பு.

டிக்கிக்கு அடியில் என்னென்ன இருக்கலாம்?

1. முழு அளவு ஸ்டெப்னி: ஓடும் நான்கு சக்கரங்களின் அதே அளவில் இருக்கும். மாட்டிவிட்டு வழக்கம்போல ஓட்டலாம். ஆச்சரியம் என்னவென்றால், விலை குறைந்த பேஸ் வேரியண்டுகளில்தான் இது பெரும்பாலும் கிடைக்கிறது. ஐந்து சக்கரமும் ஒரே ஸ்டீல் ரிம் என்பதால் தயாரிப்பாளருக்கும் அது சுலபம். பட்ஜெட் பார்த்து வாங்குபவருக்கு இது ஒரு லாபம். குறை என்றால் எடையும் இடமும்தான். சிறிய காரின் ஸ்டீல் சக்கரமும் டயரும் சேர்ந்து சுமார் 12 முதல் 15 கிலோ வரை வரும்.

2. சிறிய ரிம் ஸ்டெப்னி: டாப் வேரியண்டில் 15 அல்லது 16 இன்ச் அலாய் வீல் இருக்கும், ஸ்டெப்னி மட்டும் 14 அல்லது 15 இன்ச் ஸ்டீல் வீலாக இருக்கும். ரிம் சின்னதாக இருந்தாலே டயர் குட்டை என்று நினைக்க வேண்டாம். உதாரணத்துக்கு 165/80 ஆர்14 டயரின் மொத்த உயரம் சுமார் 620 மி.மீ. 185/65 ஆர்15 டயரின் உயரம் சுமார் 622 மி.மீ. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அகலம் 20 மி.மீ. குறைவு என்பதால் பிடிமானம் மாறும். அதனால்தான் இவற்றிலும் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது என்ற ஸ்டிக்கர் ஒட்டப்படுவது உண்டு.

3. ஒல்லி ஸ்டெப்னி: 'ஸ்பேஸ் சேவர்' எனப்படும் தற்காலிக டயர் இது. டயர் அளவுக்கு முன்னால் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது இந்த வகை. இதற்குச் சாதாரண டயரை விட இரு மடங்கு காற்று வேண்டும், பொதுவாக 60 பிஎஸ்ஐ. அடுத்த பஞ்சர் கடை வரை போவதற்கு மட்டும்தான் இது. வேகம் 80 கி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

4. பஞ்சர் கிட் மட்டும்: 12 வோல்ட் பம்பு, பசை டப்பா. டயருக்குள் பசையைச் செலுத்தி, காற்று நிரப்பி, சிறிது தூரம் ஓட்டினால் ஓட்டை அடைபடும். இடமும் எடையும் மிச்சம். ஆனால் தரையில் படும் பகுதியில் உள்ள சிறிய ஆணி ஓட்டைகளுக்கு மட்டுமே இது உதவும். டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தாலோ, பள்ளத்தில் இறங்கி ரிம் வளைந்தாலோ கிட் வேலைக்கு ஆகாது. பசை டப்பாவுக்கு எக்ஸ்பயரி தேதி உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது.

ஜல்லியும் உடைந்த சாலை ஓரமும் அதிகம் உள்ள பகுதிகளில் பக்கவாட்டுக் கிழிசலுக்கும் வாய்ப்பு அதிகம். ஆலத்தியூர் போன்ற ஊர்களில் பஞ்சர் கிட்டை மட்டும் நம்பி இரவில் கிளம்புவது ரிஸ்க் என்று சொல்லப்படுவதற்கு இதுவே காரணம்.

சிஎன்ஜி கார் என்றால் கணக்கு மாறும்

செலவைக் குறைக்க சிஎன்ஜி பக்கம் போகும் குடும்பங்கள் அதிகம். ஆனால் வழக்கமான சிஎன்ஜி கார்களில் ஒரே பெரிய சிலிண்டர் டிக்கியின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். ஸ்டெப்னியை எடுப்பதும் சில மாடல்களில் சிரமம்.

இதற்கு மாற்றாக டாடா நிறுவனம் 2023 மே மாதம் அல்ட்ராஸ் காரில் இரட்டை சிலிண்டர் முறையைக் கொண்டு வந்தது. தலா 30 லிட்டர் கொள்ளளவுள்ள 2 சிறிய சிலிண்டர்கள் டிக்கி தரைக்கு அடியில் போய்விடும். மேலே தட்டையான பலகை. ஸ்டெப்னி காரின் அடிப்பகுதிக்கு மாற்றப்பட்டது. ஆனாலும் பெட்ரோல் அல்ட்ராஸில் 345 லிட்டராக இருந்த டிக்கி, சிஎன்ஜியில் 210 லிட்டராகக் குறைந்தது. அதாவது இடம் முழுமையாகத் திரும்பக் கிடைக்காது. ஆனால் கிடைக்கும் இடம் பெட்டி, மூட்டை வைக்கத் தோதாக இருக்கும்.

காருக்கு அடியில் ஸ்டெப்னி... நல்லதா?

மாருதி எர்டிகா போன்ற 7 சீட் கார்களிலும் ஸ்டெப்னி காருக்கு அடியில்தான் தொங்கும். இதில் ஒரு பெரிய வசதி, டிக்கி நிறைய மூட்டை இருந்தாலும் எதையும் இறக்காமல் டயரை எடுக்கலாம். டிக்கிக்குள் ஸ்டெப்னி உள்ள கார்களில் நடுரோட்டில் எல்லா லக்கேஜையும் இறக்கி வைக்க வேண்டியிருக்கும்.

ஆனால் அடியில் தொங்கும் டயரில் சேறும் புழுதியும் படியும். இறக்கும் போல்ட்டும் கம்பியும் துருப்பிடித்து இறுகிப் போகலாம். புழுதி அதிகமுள்ள பகுதிகளில் 6 மாதத்துக்கு ஒருமுறையாவது இறக்கி ஏற்றிப் பார்ப்பது நல்லது. காற்று பார்ப்பதும் இதில் சிரமம் என்பதால் பலர் வருடக்கணக்கில் பார்ப்பதே இல்லை.

டிக்கி தரைப் பலகையில் என்ன பார்க்கணும்?

பட்ஜெட் கார்களில் ஸ்டெப்னி குழியின் மேல் மெல்லிய ஹார்டுபோர்டு, அதன் மேல் கார்பெட் என்றுதான் இருக்கும். 25 கிலோ அரிசி மூட்டை இரண்டை நடுவில் வைத்தால் நாளடைவில் பலகை தொய்ந்துவிடும். சின்ன வெங்காயம், அரிசி என்று அடிக்கடி மூட்டை ஏற்றுபவர்கள், அளவெடுத்து வெட்டிய பிளைவுட் பலகையைப் போட்டுக்கொள்வது உண்டு. அப்படிச் செய்யும்போது ஆணி அடித்து இறுக்கக்கூடாது. ஸ்டெப்னியை எடுக்க பலகையைத் தூக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

சில கார்களில் பலகையை மேலே, கீழே என இரண்டு உயரத்தில் வைக்கலாம். மேலே வைத்தால், மடக்கிய பின் சீட்டுக்குச் சமமாகத் தளம் தட்டையாகும், வாசல் விளிம்பின் உயரமும் குறையும். பொருளைத் தூக்கி உள்ளே இறக்க வேண்டாம், தள்ளினால் போதும். கீழே வைத்தால் உயரமான பெட்டிகள் நிற்கும். வீட்டில் வீல்சேர் அல்லது வாக்கர் பயன்படுத்துபவர்கள் இருந்தால் இந்த வசதிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. இல்லையென்றால் அது அத்தியாவசியம் அல்ல.

லிட்டர் கணக்கை மட்டும் நம்புவதும் சரியாக வராது. வேகன் ஆர் காரில் 341 லிட்டர், டியாகோவில் 242 லிட்டர் என்று எண்கள் இருந்தாலும், அந்த இடத்தின் வடிவம் முக்கியம். சக்கர வளைவுகளுக்கு இடையே உள்ள அகலத்தையும், டிக்கி வாசல் விளிம்பின் உயரத்தையும் டேப் வைத்து அளக்கலாம். அதைவிட எளிய வழி, வீட்டில் இருக்கும் பெரிய சூட்கேஸையோ வாக்கரையோ ஷோரூமுக்கே எடுத்துப் போய் வைத்துப் பார்ப்பது.

கிட் மட்டும் உள்ள காரில் ஸ்டெப்னி வாங்கி வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் அதற்கான குழி இல்லாத காரில் டிக்கியில் சும்மா போட்டு வைப்பது ஆபத்து. திடீரென பிரேக் அடித்தாலோ, மோதினாலோ 15 கிலோ சக்கரம் பின் சீட்டை நோக்கிப் பாயும். உறுதியான பட்டையால் கொக்கிகளில் கட்டியிருக்க வேண்டும். கூடவே ஜாக்கி, வீல் ஸ்பேனர் இரண்டும் தேவை. ஸ்டெப்னி வராத கார்களில் இவையும் வராமல் இருக்கலாம்.

எந்தக் குடும்பத்துக்கு எது?

• ஊருக்குள் மட்டும் ஓட்டம், பக்கத்திலேயே பஞ்சர் கடை: கிட் போதும். மிச்சமாகும் டிக்கி இடம் லாபம்.

• கிராமச் சாலை, லாரி ஓட்டம், இரவுப் பயணம்: முழு அளவு ஸ்டெப்னி. அலாய் வீலுக்காக டாப் வேரியண்ட் எடுப்பதை விட ஸ்டீல் வீல் வேரியண்ட் பொருத்தமாக இருக்கும்.

• சிஎன்ஜி, அடிக்கடி லக்கேஜ்: தரைக்கு அடியில் சிலிண்டர் உள்ள மாடல். ஸ்டெப்னி எங்கே இருக்கிறது, உண்மையில் வருகிறதா என்பதை உறுதி செய்ய வேண்டும்.

• எந்த வகையாக இருந்தாலும் தனியாக ஒரு காற்று பம்பு வைத்திருப்பது நல்லது. மெதுவாகக் காற்று இறங்கும் பஞ்சர் என்றால் ஊர் வந்து சேர அதுவே போதும்.

நெடுஞ்சாலையில் பஞ்சரானால் என்ன செய்யணும்?

திருச்சி - சென்னை தேசிய நெடுஞ்சாலை பெரம்பலூர் வழியாகத்தான் செல்கிறது. அங்கே டயர் பஞ்சரானால் திடீர் பிரேக் அடிக்காமல், வேகத்தைக் குறைத்து இடது ஓரம் ஒதுங்க வேண்டும். சாலையிலேயே நிறுத்துவதை விட, டயர் வீணானாலும் பரவாயில்லை என்று மெதுவாக உருட்டிப் பாதுகாப்பான இடம் சேர்வதே நல்லது. அவசர விளக்கு, பின்னால் பிரதிபலிப்பு முக்கோணம் இரண்டும் அவசியம். குழந்தைகள், பெரியவர்களை இறக்கி சாலையை விட்டுத் தள்ளி நிற்க வைக்க வேண்டும். வலது பக்க டயர் என்றால், ஓடும் வாகனங்களுக்கு அருகே உட்கார்ந்து கழற்றும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலைகளில் உதவிக்கு 1033 என்ற எண்ணை அழைக்கலாம்.

டெலிவரி எடுக்கும் நாளில் 10 நிமிடம்

பூஜை போட்டு, எலுமிச்சை நசுக்கிக் கிளம்பும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஸ்டெப்னியை வெளியே எடுக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஜாக்கி எங்கே வைக்க வேண்டும் என்று காட்டச் சொல்ல வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள 4 இலக்க எண்ணையும் பார்க்கலாம். 2324 என்று இருந்தால், 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். ஸ்டெப்னியில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பின் மாதம் ஒருமுறை மற்ற நான்கு டயர்களோடு சேர்த்து ஐந்தாவதுக்கும் ஏர் செக் செய்ய வேண்டும். காற்று இல்லாத ஸ்டெப்னி டிக்கியில் இருந்தும் பயனில்லை. வீட்டில் கார் ஓட்டும் எல்லோரும், பெண்கள் உட்பட, ஒருமுறையாவது வீட்டு வாசலில் பகல் வெளிச்சத்தில் டயர் மாற்றிப் பழகிக்கொள்வது இரவில் கைகொடுக்கும்.