பில்ட் ஏன் உடைந்தது? டேபிளைக் கேளுங்கள்

2012 ஆகஸ்ட் 1, காலை 9.30. நியூயார்க் பங்குச் சந்தை திறந்த கையோடு நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் கணினிகள் யாரும் கேட்காத பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கின. வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தவை 212 ஆர்டர்கள். 45 நிமிடங்களில் நடந்து முடிந்ததோ 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள். நஷ்டம் 46 கோடி டாலரைத் தாண்டியது.

புதிய மென்பொருளை எட்டு சர்வர்களில் ஏற்றியிருக்க வேண்டும்; ஏழில்தான் ஏறியது. எட்டாவதில் 2003லேயே பயன்பாடு நின்றுபோன ‘பவர் பெக்’ என்ற பழைய நிரல் அப்படியே கிடந்தது. அதைத் தூண்டும் குறியைப் புதிய மென்பொருளும் பயன்படுத்தியதால் பழையது விழித்துக்கொண்டது. சந்தை திறக்கும் முன்பே கணினி தானாக 97 எச்சரிக்கை மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தது. யாரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை.

எந்த சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பது ஒரு டேபிளில் இருந்து, “பதிப்புவாரியாக சர்வர்களை எண்ணு” என்று எஸ்க்யூஎல் மொழியில் ஒரே ஒரு வரி கேட்டிருந்தால் போதும். புதியது 7, பழையது 1 என்று திரையில் வந்திருக்கும்.

இன்றைய மென்பொருள் நிறுவனங்களில் புரோகிராமர் எழுதிய நிரல் பயனரை நேராகப் போய்ச் சேர்வதில்லை. அது முதலில் பில்ட் ஆகிறது, பிறகு டெஸ்டுகளைக் கடக்கிறது, கடைசியில் சர்வர்களில் டெப்ளாய் ஆகிறது. இந்தத் தொடருக்குத்தான் பைப்லைன் என்று பெயர். ஜென்கின்ஸ், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற கருவிகள் இதை இயக்குகின்றன. ஒவ்வொரு படியிலும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், முடிவு, எந்த கமிட் (சேமிக்கப்பட்ட நிரல் மாற்றம்) என்ற விவரங்கள் லாக் எனும் பதிவேட்டில் பதிவாகின்றன. ஆனால், பில்ட் உடைந்த அன்று மட்டும் லாகைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவதே பல குழுக்களின் வழக்கம். அங்கேதான் பெரிய இழப்பு. ஒரு லாகைப் படித்தால் ஒரு விபத்து தெரியும். ஆயிரம் பில்டுகளை ஒரே டேபிளில் வைத்தால் நோயே தெரியும்.

1970இல் எட்கர் காட் முன்வைத்த உறவுமுறைத் தரவு மாதிரியை ஒட்டி, 1974இல் ஐபிஎம்மின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் உருவாக்கிய எஸ்க்யூஎல்தான் அந்த டேபிளிடம் கேள்வி கேட்கும் மொழி. எப்படித் தேட வேண்டும் என்று அதற்குச் சொல்லித்தர வேண்டாம். என்ன வேண்டும் என்று சொன்னால் போதும்.

ஒரு வரி நிரலைக்கூட மாற்றாமல் ஓட்டினாலும் ஒருமுறை பாஸ், மறுமுறை ஃபெயில் என்று காட்டும் டெஸ்டுகள் உண்டு. ‘ஃப்ளேக்கி டெஸ்ட்’ என்பார்கள். கூகுள் 2016இல் வெளியிட்ட கணக்குப்படி, அங்குள்ள டெஸ்டுகளில் ஏறக்குறைய 16 சதவீதத்தில் இந்தக் கோளாறு ஓரளவாவது இருந்தது. பாஸிலிருந்து ஃபெயிலுக்கு மாறிய நிகழ்வுகளில் 84 சதவீதம் இத்தகைய டெஸ்டுகள் சம்பந்தப்பட்டவை. இல்லாத பிழையைத் தேடி எத்தனை பேரின் எத்தனை மணி நேரம் வீணாகியிருக்கும்! இவற்றைப் பிடிக்கும் கேள்வி மிக எளிது: கமிட், டெஸ்ட் பெயர் இரண்டையும் சேர்த்து ‘குரூப் பை’ செய்து, ஒன்றுக்கு மேற்பட்ட வெவ்வேறு முடிவு உள்ளவற்றை மட்டும் ‘ஹேவிங்’ மூலம் வடிகட்ட வேண்டும். வருகிற பட்டியலில் அதிக முறை தென்படும் டெஸ்டைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பில்டுகளை ஒன்றுதிரட்டிக் கேள்வி கேட்பதைப் பேரளவில் செய்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட திறந்த மூலத் திட்டங்களின் 26 லட்சம் பில்டுகளைத் திரட்டி, ‘டிராவிஸ் டொரன்ட்’ என்ற பெயரில் யாரும் கேள்வி கேட்கும்படி வெளியிட்டார்கள். ஜாவா, ரூபி திட்டங்களை ஆராய்ந்தபோது, பில்ட் உடைவதற்கான முதன்மைக் காரணம் டெஸ்டுகள் தோற்பதே என்று தெரிந்தது.

பில்ட் டேபிளையும் டெப்ளாய்மென்ட் டேபிளையும் கமிட் எண் வழியாக ‘ஜாயின்’ செய்தால் இன்னொரு கதவு திறக்கும்: எழுதிய நிரல் பயனரை எட்ட எவ்வளவு நேரம் ஆகிறது? இங்கே சராசரியை நம்பக் கூடாது. மூன்று வாரம் முடங்கிக் கிடந்த ஒரே ஒரு மாற்றம் மொத்தக் கணக்கையும் திரித்துவிடும். நடு எண்ணான மீடியனைப் பார்ப்பதே சரி. கூகுள் 2020இல் வெளியிட்ட ‘ஃபோர் கீஸ்’ திட்டம், எவ்வளவு அடிக்கடி டெப்ளாய் ஆகிறது, தோல்வி விகிதம், மீளும் நேரம் ஆகியவற்றோடு இந்த நேரத்தையும் சேர்த்து பிக்குவெரி என்ற தன் தரவுக் கிடங்கில் கணக்கிட்டது.

இந்த எண்களை வைத்து ஊழியர்களைத் தரவரிசைப்படுத்தும் மேலாளர்கள் பெரும் தவறு செய்கிறார்கள். பில்டை உடைத்தவர் பெயர் பலகையில் ஏறும் என்றால், டெஸ்ட் எழுதுவதையே ஆட்கள் குறைத்துக்கொள்வார்கள். கேள்வி பைப்லைனைப் பற்றியதாக இருக்கட்டும், மனிதரைப் பற்றியதாக வேண்டாம்.

இன்னொன்று, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் தன் லாகுகளை இயல்பாக 90 நாட்கள்தான் வைத்திருக்கும். அமைப்பை மாற்றாவிட்டால் அதன்பின் அழிந்துவிடும். உங்கள் குழுவின் பதிவுகளை ஒரு தரவுத்தளத்துக்கு நகலெடுக்கும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள்.