பேசாத ஜீவனுக்குத் தாகம் எடுத்தால்...

"பச்சோந்திக்கு உடம்பு சரியில்லை, டாக்டரிடம் கொண்டு போகிறோம்" என்று முன்பு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். நமக்குப் பச்சோந்தி என்றால் கட்சி மாறுகிற ஆசாமிதானே ஞாபகத்துக்கு வருவார்! அந்த நான், 2024-ஆம் வருஷம் மே மாதம், ஒரு பச்சோந்தியை மடியில் வைத்துக்கொண்டு காரில் போனேன். வழியெல்லாம் வேண்டாத தெய்வம் இல்லை.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரை ஒட்டிய சாண்ட்லரில் என் பெண் குடியிருக்கிறாள். பள்ளிக்கூடம் போகும் ஒரே பையன் அவளுக்கு. நாய் வேண்டும், பூனை வேண்டும் என்று அவன் அடம் பிடிக்க, ரோமம் இவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று கடைசியில் வாங்கிக் கொடுத்தது பச்சோந்தி. தலையில் கிரீடம் மாதிரி கொம்பு எழும்பிய 'வெயில்டு கமீலியன்' என்ற ஜாதி. பூர்விகம் ஏமன், சவூதி அரேபியா பக்கம். அங்கே காட்டில் பிடித்ததல்ல. பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்ததைத்தான் வாங்கியிருந்தார்கள். பேரன் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் வைத்திருந்தான். என் வாயில் அது நுழையவில்லை. நான் 'பச்சையப்பன்' என்று கூப்பிட ஆரம்பித்தேன், அதுவே நிலைத்துவிட்டது.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சகோதரிகளே. நம் நாட்டுப் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'கட்டுரை படித்தோமே, நாமும் ஒன்று வளர்ப்போமே' என்று தோட்டத்தில் தேடிக்கொண்டு போய்விடாதீர்கள்! ஆனால் அந்தச் சின்ன ஜீவனிடம் நான் கற்றுக்கொண்ட பாடம், கைக்குழந்தை உள்ள எந்த வீட்டுக்கும் உதவும்.

மெஷின் சத்தத்தை நம்பினோம்

சாண்ட்லர் பாலைவனத்து ஊர். மே மாதமே வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடும். வீட்டுக்குள் ஏ.ஸி. ராத்திரி பகலாக ஓடும். காற்றில் ஈரம் என்பதே கிடையாது. போன இரண்டாம் நாளே எனக்கு உதடு வெடித்துவிட்டது.

பச்சோந்தி கிண்ணத்தில் வைத்த தண்ணீரைக் குடிக்காது. அசையாத தண்ணீரை அது தண்ணீராகவே நினைப்பதில்லையாம்! மழை பெய்து இலையில் சொட்டுச் சொட்டாக நிற்குமே, அதைத்தான் நாக்கால் நக்கிக் குடிக்கும். அதனால் கூண்டுக்குள் செடி வைத்து, மேலிருந்து பூத்தூறலாகத் தண்ணீர் தெளிக்க ஒரு மெஷின் வைத்திருந்தார்கள். காலையில், மத்தியானத்தில், சாயந்தரம் என்று தானாகவே 'கிர்ர்ர்' என்று சத்தம் போடும். "பாட்டி, பச்சையப்பனுக்கு மழை!" என்பான் பேரன்.

முதல் வாரம் நான் கிட்டவே போகவில்லை. அப்புறம், எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனபின் எனக்குப் பேச்சுத் துணை யார்? கூண்டருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தேன். அதன் கண்ணே ஒரு வேடிக்கை. கோபுரம் மாதிரி உருண்டு புடைத்த கண். ஒன்று என்னைப் பார்க்கும், இன்னொன்று மேலே விளக்கைப் பார்க்கும்.

பத்து நாள் போயிருக்கும். அந்தக் கண் உள்ளே வாங்கினாற்போல் எனக்குத் தோன்றியது. பகல் பதினொரு மணிக்குக் கண்ணை மூடிக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருந்தது. பெண்ணிடம் சொன்னேன்.

"தூங்குதும்மா. அது எப்பவுமே மந்தம்தான்" என்றாள்.

மறுநாள் கூண்டைத் துடைக்கும்போது எச்சத்தைப் பார்த்தேன். பல்லி எச்சம் நமக்கெல்லாம் பழக்கம்தானே? கறுப்பு, நுனியில் வெள்ளை. பச்சோந்திக்கும் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் ஆரஞ்சு நிறம், காய்ந்து கட்டியாக. உண்ணும் பூச்சியையும் இரண்டு நாளாகத் தொடவில்லை என்றான் பேரன்.

அப்போது மெஷின் 'கிர்ர்ர்' என்றது. ஏதோ தோன்றி, கையை நீட்டி இலையைத் தொட்டுப் பார்த்தேன். கட்டாந்தரை மாதிரி காய்ந்திருந்தது! சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை. அந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம். வெந்நீர் பாத்திரத்தில் படியுமே, அந்த மாதிரி வெள்ளை உப்பு, தெளிக்கிற துவாரத்தை அடைத்துவிட்டிருந்தது. எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் எல்லோரும் சத்தத்தைக் கேட்டோம். இலையைத் தொட்டுப் பார்க்கவில்லை.

டாக்டர் சொன்னது

அந்த ஊரிலும் எல்லா மிருக வைத்தியரும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. இரண்டு மூன்று இடத்துக்கு ஃபோன் பண்ணி, ஒருவரைப் பிடித்தாள் என் பெண். அவர் பச்சையப்பனை எடை போட்டார், வாயைத் திறந்து பார்த்தார், தோலுக்கடியில் ஊசி மூலம் திரவம் ஏற்றினார். "வீட்டில் வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். மூச்சுக்குழல் வாசல் வாயின் முன்பக்கத்திலேயே இருக்கிறது. தண்ணீர் அதற்குள் போனால் ஆபத்து" என்று எச்சரித்தார். நல்லவேளை! நான் காலையில் பஞ்சை நனைத்துக்கொண்டு நின்றவள்.

"இது காட்டில் பிறருக்கு இரையாகும் பிராணி. நோய் வந்தது வெளியே தெரிந்தால் பருந்து கொத்திவிடும். அதனால் முடிந்தவரை மறைக்கும். வெளியே தெரிகிறது என்றால் நோய் முற்றியிருக்கிறது என்று அர்த்தம். நீர் வற்றிக்கொண்டே போனால் சிறுநீரகம் கெடும்" என்றார் அவர். பில்லைப் பார்த்து நான் வாயைத் திறப்பதற்குள், "டாலரை ரூபாயாக்கிப் பார்க்காதேம்மா" என்றாள் பெண்.

அவர் சொன்னதையும் பிறகு நாங்கள் பார்த்துப் பழகியதையும் சேர்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பெண்ணோ பிள்ளையோ பச்சோந்தி வளர்த்தால் எழுதி அனுப்புங்கள்:

1. கண்: நன்றாக இருக்கும்போது கண் உருண்டு புடைத்து, இரண்டும் தனித்தனியே சுழலும். உள்வாங்கினால் நீர் வற்றுகிறது. இரவில் கண்ணை மூடித் தூங்குவது சகஜம். பகலில் மூடிக்கொண்டிருந்தால் உடனே டாக்டர்தான்.

2. எச்சம்: வெள்ளைப் பகுதி வெள்ளையாக இருந்தால் க்ஷேமம். லேசான மஞ்சள் எச்சரிக்கை. ஆரஞ்சு நிறமானால் தண்ணீர் போதவில்லை.

3. தோலும் தலையும்: தோல் சுருங்கி மடிப்பு விழுவது, தலைக் கொம்பின் இரு பக்கமும் குழி விழுவது, எலும்பு துருத்துவது.

4. நிறம்: பின்னால் உள்ள சுவருக்கேற்ப நிறம் மாறும் என்பது கட்டுக்கதை. அதன் மனநிலை, சூடு, குளிர் இவைதான் முக்கியமான காரணம். நாள் முழுக்கக் கருத்தே இருந்தால் குளிரோ, பயமோ, நோவோ இருக்கிறது.

5. வாய்: ஓயாமல் வாயைத் திறந்து, மூக்கை மேலே தூக்கி மூச்சு விட்டால், எச்சில் நுரைத்தால், நெஞ்சுச் சளி. வெயில் விளக்கின் சூடு அதிகமானாலும் வாயைப் பிளக்கும். ஆகவே முதலில் அதைப் பாருங்கள்.

6. கைகால்: வளைவது, நடுங்குவது, கிளையிலிருந்து விழுவது, நாக்கை வீசி இரை பிடிக்க முடியாமல் போவது, எல்லாம் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. பூச்சிக்குக் கால்ஷியம் பொடி தூவிக் கொடுக்க வேண்டும். அல்ட்ரா வயலட் விளக்கு வெளிச்சம் கொடுத்துக்கொண்டே இருந்தாலும் அதன் சக்தி ஆறு மாதம், ஒரு வருஷத்தில் குறைந்துவிடும். எரிகிறதே என்று விட்டுவிடாமல் மாற்ற வேண்டும்.

7. பெண்ணாக இருந்தால்: ஆண் துணையே இல்லாமலும் முட்டை கட்டும்! ஈர மணல் நிரப்பிய தொட்டி இல்லாவிட்டால் இட முடியாமல் தவித்து, செத்தும் போகும். இடம் தேடி அலைந்துவிட்டு ஓய்ந்து கீழே உட்கார்ந்தால் காத்திருக்க வேண்டாம்.

கைப்பிள்ளைக்காரிகளுக்கு இன்னொன்று. ஊர்வனவற்றின் உடம்பில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அதன் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொட விடவே கூடாது.

அன்றிரவு

வீடு திரும்பியதும் பேரன் சாப்பிட மாட்டேன் என்று அழுதான். "நான்தான் பாட்டி, நான்தான் பாக்கலே" என்று ஒரே பல்லவி. என் பெண்ணும் அவனைத் தேற்ற முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான், நாற்பது வருஷமாக அவளிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொன்னேன்.

1983. கும்பகோணத்தில் இருந்தோம். இவளுக்கு ஒன்பது மாதம். வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. "வயித்தைக் காயப் போடணும். ஒரு சொட்டுத் தண்ணி குடுக்காதே, குடுத்தா அதுவும் போயிடும்" என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். எனக்கு அப்போது இருபது வயசு. எதிர்த்துப் பேசத் தெரியாது. ஒன்றரை நாள் அப்படியே கேட்டேன். குழந்தை அழுதது, கண்ணில் நீர் வரவில்லை. உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. கண் இரண்டும் உள்ளே போய்விட்டது. காலையிலிருந்து துணி நனையவில்லை என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். அது உடனே மடங்கி விழாமல் மெதுவாக இறங்கியது. "ஏம்மா, தண்ணி குடுக்கலையா?" என்றார். அந்த ஒரு கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. டிரிப்ஸ் ஏற்றி, இரண்டு நாள் கழித்துத்தான் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

"பச்சையப்பனோட கண்ணைப் பார்த்தப்போ எனக்கு அதுதான்டா ஞாபகம் வந்தது. நானும் அன்னிக்குப் பாக்கலே" என்றேன் பேரனிடம். என் பெண் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

உங்கள் வீட்டுக்கு

உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் உயிர் காக்கும் என்பதை 1971-லேயே, வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பொன்காவ் முகாமில், டாக்டர் திலீப் மகாலனாபிஸ் நடத்திக் காட்டியிருந்தார். எங்கள் தெருவுக்கு அந்தச் சேதி 1983-ல்கூட வந்து சேரவில்லை.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் தண்ணீரை நிறுத்தவே கூடாது. தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கலந்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். பாக்கெட் கிடைக்காத நேரத்தில், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில், தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, ½ டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. கண் குழி விழுந்தாலோ, அழுகையில் கண்ணீர் வராவிட்டாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ டாக்டரிடம் ஓடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவானால் ஆரம்பத்திலேயே காட்டிவிடுங்கள். (இந்த உப்பு சர்க்கரைக் கரைசல் மனிதக் குழந்தைக்கு மட்டும்தான். பச்சோந்திக்கு வெறும் தண்ணீரே!)

பச்சையப்பன் பிழைத்துக்கொண்டான். துவாரத்தை வினிகரில் ஊறவைத்து உப்பைக் கரைத்தோம். அதிலிருந்து மெஷினுக்குச் சுத்திகரித்த தண்ணீர்தான். அதைச் சரிபண்ணும் வரை, வெதுவெதுப்பான தண்ணீரைக் கையால் தெளித்தான் பேரன். ஒரு தடவைக்குச் சில நிமிஷமாவது தெளிக்க வேண்டும்; அது யோசித்து யோசித்துத்தான் நாக்கை நீட்டும். நாலாம் நாள் கண் நிரம்பியது. ஆறாம் நாள் நாக்கைச் சுழற்றி ஒரு சுவர்க்கோழியைப் பிடித்தது. வீட்டில் அன்றைக்குப் பாயசம்! சிறுநீரகம் எவ்வளவு தாங்கியிருக்கிறதோ, கவனமாகவே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் பேரன் வாராவாரம் எடை போட்டு நோட்டில் எழுதுகிறான். மெஷின் ஓடியதும் இலையைத் தொட்டுப் பார்க்கிறான்.

நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடுவான். என்னைச் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் ஃபோனைக் கூண்டுப் பக்கம் திருப்பி, "பாட்டி, கண்ணைப் பாருங்க" என்பான். நானும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு பேசுவேன்.