மூச்சும் இறக்கையும்

பழவேற்காடு ஏரியில், பசியாவரத்தை ஒட்டிய முழங்கால் ஆழ நீரில், பூநாரைகள் மேலெழும் காட்சியைக் கண்டிருக்கிறோம். நீரை மிதித்து மிதித்துச் சில தப்படி ஓடி, கழுத்தை முன்னும் காலைப் பின்னும் நீட்டி, இளஞ்சிவப்பும் கருமையுமாய் இறக்கை விரித்து அவை வானேறுகின்றன. அழகென்று வியந்து நகர்ந்துவிடுகிறோம். அந்தச் சிறு நெஞ்சுக்குள் நடக்கும் அற்புதத்தை நினைத்துப் பார்க்கிறோமா?

நம் மூச்சு போன வழியே திரும்புகிறது. பறவையின் நுரையீரலிலோ காற்று ஒரே திசையில் ஓடுகிறது. காற்றுப் பைகள் துருத்திகளாய் நின்று உதவ, இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று பாய்ந்துகொண்டே இருக்கிறது. எலும்புகள் பல உள்ளீடற்றவை. எடைக்கேற்ற பலம், பலத்திற்கேற்ற மூச்சு!

அதுபோலவே ஒரே திசையில், முன்னால் காற்றை வாங்கி, அழுத்தி, எரித்து, பின்னால் உமிழும் ஜெட் எஞ்சினைக் கொண்டு மனிதனும் இதே வானத்தை வேண்டி நின்றான். நம் நாட்டில் அந்தத் தவம் பெங்களூரில் நடந்தது. ஜெர்மானிய விமான வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் 1956-இல் வந்து சேர்ந்தார். இந்தியப் பொறியாளர்கள் தோள் கொடுத்தார்கள். முதலில் எஞ்சினே இல்லாத முழு அளவு மர விமானத்தைக் கட்டி, இன்னொரு விமானத்தால் இழுத்துச் சென்று, காற்றிடம் பாடம் கேட்டார்கள். 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் ஓட்ட, முதல் இந்தியப் போர் ஜெட் பறந்தது. காற்றுத் தேவர்களின் பெயரையே சூட்டினார்கள்: மாருத்.

அதன் உடல் ஒலியின் வேகத்தை விஞ்சப் பிறந்தது. மூச்சுதான் போதவில்லை. இரண்டு ஆர்ஃபியஸ் எஞ்சின்களின் உந்துவிசை அந்த உடலுக்குக் குறைவு. ஏற்ற எஞ்சின் கடைசிவரை கிடைக்கவில்லை. உந்துவிசையைக் கூட்டிய மாருத்தைச் சோதிக்கையில், 1970-இல் சுரஞ்சன் தாஸே உயிர் நீத்தார். ஆனாலும் 147 மாருத்கள் உருவாயின. 1971 போரில் ராஜஸ்தான் பாலை வானில் அவை போரிட்டன. ஒரு எஞ்சின் அடிபட்டும் மறு எஞ்சினின் துணையால் தளம் திரும்பியவை உண்டு. 1990 வாக்கில் விடைபெற்றன.

இத்தனை அறிவும் உழைப்பும் உயிரும் கொடுத்தும் மனிதனுக்கு எட்டாத அந்தப் பொருத்தம், முட்டைக்குள்ளேயே பூநாரைக் குஞ்சுக்கு வாய்த்துவிடுகிறது. உடலும் மூச்சும் அங்கே சேர்ந்தே வளர்கின்றன. படைப்பின் பேரறிவு இந்தப் பொருத்தத்தில்தான் இருக்கிறது. மனிதனின் முயற்சியைச் சிறிதென்று சொல்லவில்லை. அது தொட முயன்ற உயரத்தைக் கண்டு கைகூப்புகிறோம்.

அந்த உயரம் நம் ஏரியில் சேறு கிளறி இரை தேடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு எழுச்சிக்கும் அது தன் பலத்தைச் செலவிடுகிறது. ஆகவே பசியாவரம் பக்கம் படகேறுவோரே, பறக்கவைத்துப் பார்ப்பதற்காகக் கூட்டத்துக்குள் படகை விடச் சொல்லாதீர்கள். தள்ளி நின்று பாருங்கள். அவை தாமாக எழும் வரை காத்திருங்கள்.