பந்தயத்துக்கு முன் பாதிப் பயிற்சி போதும்

திருப்பூரில் உழைப்பை ஷிப்ட் கணக்கில்தான் சொல்வோம். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிப்ட். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்குக் கை நின்றால் காசும் நின்றது. இப்படிப்பட்ட ஊரில், “பெரிய பந்தயம் வருகிறது, அதனால் இரண்டு வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைக்கப் போகிறேன்” என்று சொன்னால் யார் நம்புவார்கள்? என் அம்மாவே நம்பவில்லை. “ஏங்கண்ணு, பந்தயம் நெருங்கிருச்சுங்கறே, நீ என்னடான்னா வெடிஞ்சும் தூங்கிட்டிருக்கறே?” என்று கேட்டார்.

நான் மண்ணரையில் குடியிருப்பவன். ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நாள் முழுக்க மேஜை ஓரம் நின்றபடியே வேலை. நாற்பதைத் தாண்டிய பிறகு தொப்பையைக் குறைக்கச் சைக்கிள் எடுத்தவன், ஓட்டம், நீச்சல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து ட்ரையத்லானில் வந்து நிற்கிறேன்.

மூன்று விளையாட்டு, ஒரே உடம்பு

நீந்தி, சைக்கிள் ஓட்டி, ஓடி முடிக்க வேண்டும். நடுவில் இடைவேளை கிடையாது. உடை மாற்றும் நேரமும் கணக்கில் சேரும். 2000-ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் நுழைந்த பந்தயத்தில் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். 1978-ல் ஹவாயில் தொடங்கிய ‘அயர்ன்மேன்’ பந்தயமோ 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்மேல் ஒரு முழு மாரத்தான். அதில் சரிபாதி தூரம் கொண்டது ‘அயர்ன்மேன் 70.3’. 2019-ல் கோவாவின் மிராமர் கடற்கரைக்கு அது வந்ததிலிருந்து நம் பக்கத்து ஆட்களும் பெயர் கொடுக்கத் தொடங்கினார்கள். எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

இதற்குப் பல மாதப் பயிற்சி தேவை. எங்களுக்கு வாரம் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமைதான் முழுதாகக் கையில் கிடைக்கிறது. விடியுமுன் கிளம்பிக் குன்னத்தூர்ப் பக்கமோ தாராபுரம் ரோட்டிலோ நீண்ட சைக்கிள் ஓட்டம். மற்ற நாட்களில் வேலைக்கு முன்னும் பின்னும் ஓட்டமும் நீச்சலும். இப்படி மாதக்கணக்கில் சேர்த்த உடம்பைக் கடைசி இரண்டு வாரம் என்ன செய்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். விட்டுப்போன பயிற்சியை எல்லாம் அந்தப் பதினைந்து நாளில் ஈடுகட்டப் பார்ப்பது ஒரு வகை. படுத்தே கிடப்பது இன்னொரு வகை. இரண்டும் வீண்.

குறைத்தால் என்ன நடக்கும்?

பயிற்சியின்போது உடம்பு வலுப்பதில்லை, தேய்கிறது. தசைநார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. தசையில் சேமித்த மாவுச்சத்தான கிளைகோஜன் தீர்கிறது. ஓடும்போது பாதம் தரையில் அறைகிற அறையில் சிவப்பணுக்கள்கூடச் சில உடைகின்றன. இவை சீராவதெல்லாம் ஓய்வில்தான். வாராவாரம் பயிற்சி கூடும்போது வலுவும் சேர்கிறது, களைப்பும் சேர்கிறது. பயிற்சியைக் குறைத்தால் களைப்பு சீக்கிரம் வடியும், வலு மெதுவாகத்தான் குறையும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்தச் சில நாட்களில் பந்தய நாள் விழும்படி பார்த்துக்கொள்வதைப் பயிற்சியாளர்கள் ‘டேப்பரிங்’ என்கிறார்கள்.

என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். காம்பாக்டிங் (துணியை அமுக்கிச் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் வேலை) முடிந்து ரோலாக வரும் துணி இழுபட்டே இருக்கும். அதைப் பிரித்து மேஜையில் போட்டு ஓர் இரவு தளர விட வேண்டும்; லைக்ரா கலந்த துணிக்கு ஒரு முழு நாளும் விடுவோம். ஷிப்மென்ட் அவசரம் என்று வந்த கையோடு வெட்டினால், வெட்டிய பிறகு துண்டு சுருங்கி அளவு குறையும். துணி சும்மா கிடப்பதுபோல் தெரிகிற நேரம், கட்டிங் வேலையின் ஒரு பகுதிதான்.

எவ்வளவு ஆதாயம்? சிட்னி ஒலிம்பிக்குக்கு முந்தைய கடைசி மூன்று வாரங்களில் நீச்சல் வீரர்களின் வேகம் எப்படி மாறியது என்பதை ஸ்பெயினின் இனிகோ முகிகாவும் அவருடைய கூட்டாளிகளும் ஆராய்ந்தார்கள். ஒப்பிட்ட 99 நீச்சல்களில் 91 முன்னைவிட வேகமாக முடிந்தன. சராசரி முன்னேற்றம் 2.18 சதவீதம். சின்ன எண்தான். ஆனால் அந்த ஒலிம்பிக் நீச்சலில் தங்கத்துக்கும் நான்காம் இடத்துக்கும் இருந்த வித்தியாசமே 1.62 சதவீதம்தான். கோவாவில் ஏழு மணி நேரம் எடுக்கும் என் போன்றவருக்கு 2 சதவீதம் என்றால் எட்டு நிமிடத்துக்கு மேல். கூடுதலாக வியர்வை சிந்தாமல் கிடைக்கிற எட்டு நிமிடம்.

எதைக் குறைப்பது, எதை விடாமல் பிடிப்பது?

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 1992-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல விடை சொல்கிறது. நடுத்தர தூர ஓட்டக்காரர்களை ஒரு வாரம் மூன்று விதமாக நடத்திப் பார்த்தார்கள். தூரத்தை வெகுவாகக் குறைத்து, ஓடியதை மட்டும் வேகமாக ஓடியபோது, களைத்து நிற்கும்வரை அவர்கள் தாக்குப்பிடித்த நேரம் 22 சதவீதம் கூடியது. மிதமான தூரத்தை மெதுவாக ஓடியபோது 6 சதவீதம் கூடியது. முழு ஓய்வில் இருந்தபோது கூடவே இல்லை. 3 சதவீதம் சரிந்தது.

2007-ல் லாரன் பாஸ்கேயும் மற்றவர்களும் 27 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசியபோதும் இதே திசைதான் தெரிந்தது. இரண்டு வாரம், பயிற்சியின் அளவில் 41 முதல் 60 சதவீதம் வரை குறைப்பு. ஆனால் வேகத்தையும் வாரத்தில் எத்தனை நாள் என்பதையும் மாற்றக் கூடாது. 1999-ல் பானிஸ்டர் குழுவினர் ட்ரையத்லான் வீரர்களையே வைத்துச் செய்த ஆய்வில், ஒரே அடியாகக் குறைத்தவர்களைவிட நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே போனவர்கள் அதிகம் முன்னேறினார்கள்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? வாரம் பத்து மணி நேரம் பயிற்சி செய்கிறவர், முதல் வாரம் ஆறு மணி நேரத்துக்கும் பந்தய வாரம் நான்குக்குள்ளும் வந்துவிடலாம். ஓட்டத்தை முதலில் குறைக்க வேண்டும். தசையை அதிகம் அடித்துப் போடுவது அதுதான். நீச்சலைக் கடைசியாகக் குறைக்கலாம். கை தண்ணீரைப் பிடித்துத் தள்ளும் பழக்கம் சீக்கிரம் விட்டுப்போகும். பந்தய வாரத்தில் அரை மணி நேர ஓட்டம் ஒன்று, நடுவில் ஒரு நிமிடம் பந்தய வேகத்தில் நாலைந்து முறை. முக்கால் மணி நேரம் சைக்கிள். இரண்டு சிறு நீச்சல். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன் முழு ஓய்வு. முதல்நாள் பதினைந்து இருபது நிமிடம் கைகால் அசைத்தால் போதும். எங்கள் நொய்யல் ஆற்றில் இப்போது யாரும் நீந்துவதில்லை. நீச்சல் குளத்திலேயே பழகிய எங்களுக்கு அலை புதிது என்பதால், முன்கூட்டியே போய்க் கடலில் ஒருமுறை இறங்கிப் பார்ப்பது நல்லது.

இந்த நாட்களில் மனது சும்மா இருக்காது. வேலை குறைந்த முழங்கால் திடீரென்று வலிப்பதுபோல் தோன்றும். தொண்டை கரகரக்கும். காரணமில்லாமல் எரிச்சல் வரும். பெரும்பாலானவர்களுக்கு வருவதுதான் இது. காய்ச்சலோ நெஞ்சு வலியோ என்றால் மட்டும் பந்தயத்தை மறந்து டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சோறும் தூக்கமும்

பயிற்சி குறைந்ததும் எடை ஒன்றிரண்டு கிலோ கூடினால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைச் சேர்த்துத்தான் தசையில் தங்கும். பந்தயத்தில் எரியப் போகும் சரக்கு அது.

நீண்ட பந்தயத்துக்கு முந்தைய ஒன்றரை, இரண்டு நாட்களில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து எடுக்கலாம் என்பது விளையாட்டு உணவியலாளர்களின் பரிந்துரை. 65 கிலோ ஆளுக்குக் குறைந்தது 650 கிராம் வரும். சோற்றிலேயே எட்ட வேண்டுமானால் எண்ணூறு கிராம் அரிசிக்கு மேல் வடிக்க வேண்டும், வயிறு தாங்காது. அதனால் இட்லி, சந்தகை, வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரைத் தண்ணீர் என்று நாள் முழுவதும் பிரித்துச் சாப்பிடுகிறேன். கொள்ளும் கீரையும் கம்பும் நல்ல உணவுதான். ஆனால் நார்ச்சத்து மிகுந்தவை என்பதால் அந்த இரண்டு நாள் மட்டும் விலக்கு. புது ஷூவும் புது உணவும் அந்த வாரத்தில் வேண்டவே வேண்டாம்.

பந்தயத்துக்கு முதல்நாள் இரவு தூக்கம் வராது. அதைப் பற்றிக் கவலையும் வேண்டாம். அந்த வாரத்தின் மற்ற இரவுகளில் நன்றாகத் தூங்கியிருந்தால் உடம்பு சமாளித்துக்கொள்ளும்.

கம்பெனி வேலையும் கணக்கில் உண்டு

ஆய்வுகளில் வரும் வீரர்கள் பயிற்சி முடிந்ததும் படுத்துக்கொள்வார்கள். நமக்கு அப்படி இல்லை. காலையில் ஒரு மணி நேரப் பயிற்சியை மிச்சம் பிடித்துவிட்டு, கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் நின்றால் கால்களுக்கு ஓய்வு எங்கே? நிற்பதும் மூட்டை தூக்குவதும் இரவு கண் விழிப்பதும் களைப்புதான். அது பயிற்சியிலிருந்து வந்ததா, வேலையிலிருந்து வந்ததா என்று தசை பிரித்துப் பார்க்காது. பந்தய வாரத்தில் நான் ஓவர்டைம் ஏற்பதில்லை. லே போடுவதை, அதாவது துணியை மேஜையில் அடுக்கடுக்காக விரிப்பதை, மற்றவர்களிடம் விட்டுவிட்டு, மார்க்கர் (வெட்டும் அளவுகளின் வரைபடம்) பார்ப்பது, கணக்கு எழுதுவது போன்ற உட்கார்ந்த வேலைகளைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அந்த வாரச் சம்பளத்தில் கொஞ்சம் குறையும். பல மாதம் பட்ட பாட்டுக்கு அது பெரிய விலை இல்லை.

பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருப்பவர்களே, கடைசி இரண்டு வாரத்தில் எவ்வளவு ஓடினாலும் புதிதாக வலு எதுவும் வந்து சேராது. அதற்கு அவகாசம் போதாது. சேர்த்ததைக் கெடுக்க மட்டும் அந்த இரண்டு வாரம் தாராளமாகப் போதும். கம்பெனி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் ஆட்களில் ஒருவர் ஓட்டத்துக்கோ சைக்கிள் பந்தயத்துக்கோ போகிறார் என்று தெரிந்தால், அந்த ஒரு வாரம் அவரை ஒரு ஷிப்டோடு வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.