பஞ்சாயத்துத் தாள் மணவிலக்கு ஆகுமா?



“பஞ்சாயத்துல பேசி முடிச்சாச்சு, தாலியையும் கழற்றியாச்சு. இனி என்ன பாக்கி?” என்று லயங்களில் சொல்வதுண்டு. பாக்கி இருக்கிறது! கோயில் தலைவரும் மண்டோரும் கையெழுத்துப் போட்ட தாள் மணவிலக்கு ஆகாது. அதை நம்பி மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது, வழக்கும் வரலாம்.

இஸ்லாமியர் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அதற்கு முன் கோயிலில் தாலி கட்டிய திருமணமும் செல்லும். அதையும் உயர்நீதிமன்றம்தான் பிரித்து வைக்க முடியும்.

முதலில் கிடைப்பது ‘டிக்ரி நிசி’. வழக்கமாக மூன்று மாதம் கழித்தே அது முடிவான ஆணையாகும். முதல் தாளோடு நின்றுவிடாதீர்கள்!

தாள் தொலைந்து போச்சா? வழக்கு நடந்த உயர்நீதிமன்றப் பதிவகத்தில் முத்திரையிட்ட நகல் கேளுங்கள். தானா ராத்தாவில் உயர்நீதிமன்றம் இல்லை. பகாங்கில் குவாந்தானிலும் தெமர்லோவிலும் இருக்கிறது. ஈப்போவில் வழக்குப் போட்டவர்கள் ஈப்போவில்தான் கேட்க வேண்டும். வழக்கு எண், ஆண்டு, இருவர் பெயர், அடையாள அட்டை எண் ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். எண் மறந்து போயிருந்தால், வழக்கை நடத்திய வக்கீலிடம் முதலில் கேளுங்கள்.

முடிவான ஆணை தேசியப் பதிவு இலாகாவின் மணவிலக்குப் பதிவேட்டிலும் ஏற வேண்டும். ஏறியதா என்று விசாரியுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவை நாடலாம்.

நாளை மறுமணம் என்றாலும் சொத்துத் தகராறு என்றாலும் அந்தத் தாள்தான் பேசும். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தோடு அதையும் பெட்டியில் பூட்டி வையுங்கள்.