அச்சுத் தலை ஏன் சுடுகிறது?

கட்டட வரைபடங்களையும் பெரிய சுவரொட்டிகளையும் அச்சிடும் அகலமான இங்க்ஜெட் அச்சுப்பொறியை நீங்கள் பார்த்திருக்கலாம். காகிதச் சுருள் மெல்ல நகர, அதன் குறுக்கே அச்சுத் தலை இங்குமங்கும் ஓடும். சில வேளைகளில் பாதிப் படத்திலேயே பொறி நின்று, 'அச்சுத் தலை அதிகச் சூடு' என்று அறிவிக்கும். அவசரத்தில் அதை அணைத்து, உடனே மீண்டும் இயக்கினால் விலையுயர்ந்த தலையே பாழாகக்கூடும். அப்படியானால் என்ன செய்வது? முதலில், சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

1977ஆம் ஆண்டில், ஜப்பானில் கெனான் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், மை நிரம்பிய ஊசிக்குழலின் மீது சூடான சால்டரிங் இரும்பு தற்செயலாகப் பட்டது. உடனே ஊசி முனையிலிருந்து மை பீறிட்டது! வெப்பத்தால் மையைத் தெளிக்கும் முறை அங்கே இப்படித்தான் பிறந்தது.

இவ்வகைத் தலையில் ஒவ்வொரு நுண்துளையின் அருகிலும் ஒரு சிறு மின்தடை உண்டு. ஓரிரு மைக்ரோ விநாடி மின்சாரம் பாய்ந்ததும், அதை ஒட்டிய மெல்லிய மைப்படலம் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸை எட்டி ஆவிக் குமிழாகிறது. குமிழ் தள்ள, மைச்சொட்டு வெளியே பாய்கிறது.

இப்போது ஒரு கணக்கு. 1,000 துளைகள், ஒவ்வொன்றும் விநாடிக்கு 10,000 சொட்டுகள், சொட்டுக்கு 1 மைக்ரோஜூல் ஆற்றல், 10 பிக்கோலிட்டர் மை என்று வைத்துக்கொள்வோம். மொத்த ஆற்றல் விநாடிக்கு 10 ஜூல். வெளியேறும் மை 0.1 மில்லிலிட்டர். மையை நீராகவே கருதினால், அதன் வெப்பநிலை ஏறத்தாழ 24 டிகிரிதான் உயரும். ஆக, சூட்டைச் சுமந்து செல்வது வெளியேறும் மையே!

மை வராவிட்டால்? மின்தடை சுடும், வெப்பமோ தலையிலேயே தங்கும். சூடேறிய மையிலிருந்து, அதில் கரைந்திருந்த காற்று பிரிந்து குமிழ்களாகும். அவை மேலும் சில துளைகளை அடைக்கும். சூடு சூட்டை வளர்க்கும்! இதைத் தடுக்கவே தலையிலுள்ள வெப்ப உணரி பொறியை நிறுத்துகிறது.

எனவே, கோளாறை இந்த வரிசையில் தேட வேண்டும்:

1. பொறியை நிறுத்தி, தலை தானாகவே ஆறும்வரை காத்திருக்கவும். ஈரத்துணி வைக்கக் கூடாது.

2. மைக் கலம் தீர்ந்துவிட்டதா, மைக்குழாய் மடங்கியுள்ளதா என்று பார்க்கவும்.

3. துளைச் சோதனைப் படத்தை அச்சிடவும். கோடுகள் விடுபட்டிருந்தால், அங்கே துளைகள் அடைபட்டிருக்கலாம். பொறியின் துப்புரவுச் சுற்றை இயக்கவும்.

4. அறை வெக்கையாக உள்ளதா, காற்றுவழிகளில் தூசி படிந்துள்ளதா என்று கவனிக்கவும்.

5. அடர்நிறப் படமானால் வேகத்தைக் குறைத்து அச்சிடவும். வெப்பம் வெளியேற அவகாசம் கிடைக்கும்.

தலை நன்கு குளிர்ந்திருக்கும்போதே அறிவிப்பு வருகிறதா? அப்போது ஐயத்திற்குரியது சூடல்ல. வெப்ப உணரியோ மின் இணைப்புகளோதான். அது பழுதுபார்ப்பவரின் வேலை.

மின்புலத்தால் வடிவம் மாறும் பீசோ படிகம் மையைத் தள்ளும் தலைகளும் உண்டு. அவற்றில் மை கொதிப்பதில்லை. ஆனாலும் படிகத்தை இயக்கும் மின்சுற்று சூடேறும். எவ்வகைத் தலையானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: உண்டாகும் வெப்பம் எவ்வழியே வெளியேற வேண்டும்? அவ்வழி எங்கே அடைபட்டது?